முனியாண்டிக்குப் புதைத்த சோறு

1

நான் பினாங்கில் கப்பலைவிட்டு இறங்கிய நாள் இந்த வாரம் வந்து போனது. வருடாவருடம் அன்றைக்கு முந்திரிக்கொத்து செய்வது என் வழக்கம். இந்தத் தடவை கருப்பட்டி கிடைக்காமல் இங்கத்துத் தென்னை வெல்லத்தைப் போட்டுப் பிடித்தேன். "கொத்து நல்லாத்தான் இருக்கு. உடைக்கத்தான் ஒரு சுத்தியல் வேணும்" என்றார் வீட்டுக்காரர். அவர் இந்த எஸ்டேட்டின் டிரசர். டாக்டர் வராத நாளில் காய்ச்சல் முதல் பாம்புக்கடி வரை எல்லாவற்றையும் அவர்தான் பார்க்கவேண்டும். டாக்டர் அநேகமாக வருவதில்லை. நான் எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ரந்தாவுக்குப் பக்கத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே எங்கள் குடித்தனம்.

"எப்போது ஊருக்கு வருகிறீர்கள்?" என்று ஊரிலிருந்து நீங்கள் எல்லோரும் கேட்டு எழுதுகிறீர்கள். அன்பாகத்தான் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் அந்த வார்த்தையை இங்கே சத்தம் போட்டுச் சொல்லிவிடாதீர்கள். இப்போது எங்கள் லயங்களில், அதாவது தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், அடம்பிடிக்கிற பிள்ளையைப் பார்த்துத் தாய்மார்கள் என்ன சொல்லி மிரட்டுகிறார்கள் தெரியுமா? "கத்தாத, மாத்தா வந்து ஊருக்கு அனுப்பிடுவான்!" மாத்தா என்றால் போலீஸ்காரர். ஊர் என்றால் நீங்கள் இருக்கிற ஊர்தான்.

முதலில் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது வருவதில்லை. ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

இந்த நாட்டில் எமர்ஜென்சி நடக்கிறது என்று பேப்பரில் பார்த்திருப்பீர்கள். காட்டுக்குள்ளே துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள். வெளியே துப்பாக்கியோடு சர்க்கார் இருக்கிறது. நடுவே பால்மரம் வெட்டுகிற எங்கள் சனங்கள் வாளியோடு இருக்கிறார்கள். பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற கிராணியைக் காட்டுக்காரர்கள் சுட்டுப் போட்டார்கள். அவர் மனைவி என்னோடு வேதக்கோயிலில் பாட்டுப் பாடுகிறவள். அதனால் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

காட்டுக்காரர்களுக்குச் சோறு போகாமல் செய்துவிட்டால் அவர்கள் தானாக வெளியே வருவார்கள் என்பது சர்க்காரின் கணக்கு. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். அரிசி வீட்டில் இருக்கக்கூடாது. பொதுச் சமையல் கூடத்தில் வடித்த சோறுதான் எல்லோருக்கும், அது சீக்கிரம் ஊசிப்போகும் என்பதால். விடியற்காலையில் வேலைக்குப் போகிற பெண்களைக் கேட்டில் நிறுத்தி முந்தானையை உதறிப் பார்ப்பார்கள். சாயங்காலம் சங்கு ஊதினால் ஊரடங்கு. அதற்குப் பிறகு வேலிக்கு வெளியே ஒரு ஆள் நின்றால் கேள்வியே கிடையாது.

என் மகள் இந்த வேலிக்குள்ளேயே பேசக் கற்றவள். "அம்மா, நாசி போடுங்க லா" என்பாள். சோறு என்று சொல்லடி என்பேன். "அதான் நாசி" என்பாள். பள்ளிக்கூடத்தில் 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பிள்ளைகள் அத்தனை பேரும் ரந்தாவ் பசாரையும் வெள்ளிக்கிழமை விற்கிற ஐஸ் கச்சாங் இனிப்பையும் எழுதிவைத்தார்கள். நான் சிவப்பு மையை எடுத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எதைத் திருத்துவது? எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

3

மாரிமுத்து எங்கள் எஸ்டேட்டில் பால்வெட்டுகிறவர். முனியாண்டி கோயில் பூசாரியும் அவரே. கோயில் என்றால் பெரிய கோபுரத்தை நினைக்காதீர்கள். ஒரு ஆலமரம், ஒரு சூலம், கல்லில் பூசிய மஞ்சள். அவருடைய அப்பா கைக்குழந்தையாக அவரைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி வந்து, இந்த மரத்தடியில் முனியாண்டியை நட்டுவைத்தாராம். வேலி போட்டபோது மரம் வெளியே போய்விட்டது. "எல்லாருக்கும் அடையாளக் கார்டு குடுத்தாங்க, எங்க சாமிக்கு மட்டும் குடுக்கல" என்று மாரிமுத்து சிரிப்பார்.

அவருக்குக் கணீரென்ற குரல். கூச்சம் என்பதே கிடையாது. நான் கிறிஸ்தவள் என்பதால், என்னைப் பார்த்தால் "வேதக்காரம்மா, உங்க சாமி சொகமா இருக்காரா?" என்பார். உங்க சாமியைவிட அவருக்குச் செலவு குறைவு என்பேன். எங்கள் நட்பு இப்படி.

முனியாண்டிப் பூசைக்கு ஒரு கட்டு உண்டு. ஆண்கள்தான் சமைக்கவேண்டும், ஆண்கள்தான் சாப்பிடவேண்டும், மரத்தடியிலேயே சாப்பிட்டு முடிக்கவேண்டும். ஒரு பருக்கை வீட்டுக்கு வரக்கூடாது. மிச்சம் இருந்தால், சாராயப் புட்டி உட்பட, அங்கேயே குழிதோண்டிப் புதைத்துவிடவேண்டும். வருடத்துக்கு ஒரு குழி. மரத்தைச் சுற்றி ஓர் எட்டுத் தள்ளி, ஓர் எட்டுத் தள்ளி, வலம் வருகிற மாதிரி குழியும் போய்க்கொண்டிருக்கும்.

போன வருடம் பூசைக்கு அரிசி எடுத்துக்கொள்ளப் பெரிய தொரை வாய்வார்த்தையாகச் சரி என்றிருந்தார். கேட்டில் நின்ற காவல்காரர்களும் தெரிந்தவர்கள், விட்டுவிட்டார்கள். பந்தி பாதியில் இருக்கும்போதே சங்கு ஊதிவிட்டது. எல்லோரும் அரக்கப்பரக்க எழுந்தார்கள். பாதிக் கோழி, ஒரு அண்டாச் சோறு மிச்சம். மாரிமுத்து என்ன செய்தார்? அவருடைய அப்பா செய்ததைச் செய்தார். வாழையிலையில் பொதிந்து குழியில் வைத்து மண்ணைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார்.

மறுநாள் வெளியூர் ரோந்து ஒன்று நாயோடு வந்தது. நாய் மோப்பம் பிடித்துத் தோண்டியது. வேலிக்கு வெளியே, காட்டு ஓரத்தில், இலையில் பொதிந்து புதைத்த சோறும் கறியும். காட்டுக்காரர்களுக்கு ஆட்கள் இப்படித்தான் உணவைப் புதைத்துவைப்பார்களாம். யார் புதைத்தது என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் கேட்டார்கள். "நான்தாங்க" என்று மாரிமுத்து கணீரென்று சொன்னார். பெருமையாக வேறு சொன்னார். பூசையை யாரோ பாராட்ட வந்திருப்பதாக நினைத்துவிட்டார், பாவி மனுஷன்.

அன்றே விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். சம்மதம் சொன்ன தொரை அதற்குள் சீமைக்கு லீவில் கப்பலேறியிருந்தார்.

4

இந்தச் சட்டத்தில் கோர்ட்டு கிடையாது. தடுப்பு முகாமில் அடைத்துவைத்துவிட்டு, நாடு கடத்தலாமா என்று பார்ப்பார்கள். இன்ன குற்றம் என்று படித்துக்காட்டவேண்டியதில்லை. யார் சொன்ன சாட்சி என்று சொல்லவேண்டியதில்லை. ஆட்சேபம் இருந்தால் ஒரு விசாரணைக் குழுவிடம் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். எனக்கு ரத்தம் கொதித்தது. தப்புச் செய்தவனைத் தண்டிக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? என்ன தப்பு என்று அவன் காதில் விழும்படி சொல்லிவிட்டு, அவன் சொல்வதையும் கேட்டுவிட்டு, அப்புறம் தண்டிக்கட்டும்.

மாரிமுத்து இங்கே பிறக்காதவர். அதனால் அவரை உங்களிடம் அனுப்பிவிட முடியும். அவருக்குத் தன் ஊரின் பெயர் மட்டும்தான் தெரியும், அது எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. மனைவி அஞ்சலை லுக்குட் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். அவளிடம், "நீயும் பெண்பிள்ளைகளும் அவரோடு போகிறீர்களா, இங்கேயே இருக்கிறீர்களா, யோசித்துச் சொல்" என்றார்களாம். புருஷன் வேண்டுமா, பிறந்த மண் வேண்டுமா என்று ஒரு பெண்ணைக் கேட்க எப்படித்தான் வாய் வருகிறதோ.

தொழிற்சங்கத்து ஆட்கள் சிரம்பானிலிருந்து ஒரு வக்கீலைப் பிடித்துவந்தார்கள். பொன்னுத்துரை என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் முகாமுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், வழக்கு வெல்லக்கூடிய வழக்கு. வருசாவருசம் புதைக்கிறது வழமை எண்டு காட்டிப்போட்டால் போதும். அத்தாட்சி முழுக்க அந்த மரத்துக்குக் கீழதான் கிடக்கு. தோண்டினால் சரி. ஆனா அந்த மனுசன் தோண்டவேண்டாம் எண்டு நிக்கிறார்!"

"ஏனாம்?"

"சாமிக்குக் குடுத்ததைத் திருப்பி எடுக்கேலாதாம். எடுக்கிறவன்ர குடும்பம் விளங்காதாம். லயத்தில ஒருத்தரும் மண்வெட்டியைத் தொடமாட்டினம். நான் என்ன செய்ய, நானே போய்க் கொத்தட்டோ?"

அவர் திருநீறு பூசியவர். கொத்தமாட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது.

அடுத்த நாள் அஞ்சலை பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். பால்வெட்டிவிட்டு நேரே வந்திருந்தாள், கையெல்லாம் ரப்பர்ப்பால் காய்ந்திருந்தது. வளைத்துப் பேசத் தெரியாத பெண்.

"டீச்சரம்மா, நீங்க தோண்டுங்க."

"நானா?"

"நீங்க வேதக்காரவுங்க. எங்க சாமிக்கு நீங்க கணக்குல இல்ல. உங்கள ஒண்ணும் செய்யமாட்டாரு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் அப்பா திருநெல்வேலிச் சீமையில் உபதேசியார். சிறுவயதில் சுடலைமாடன் கொடையை எட்டிப்பார்த்ததற்கு முழங்காலில் நிற்கவைத்தவர். அந்த வீட்டுப் பெண், முனியாண்டி குழியில் மண்வெட்டி போடுவதா?

"அவரு போயிட்டா நான் என்ன செய்யட்டும், டீச்சரம்மா? அந்த ஊர்ல எனக்கு யாரத் தெரியும்? பிள்ளைங்கள எந்த வூட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்துவேன்?"

சரி என்றேன். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

5

வக்கீல் எப்படியோ மன்றாடி விசாரணைக் குழுவை எஸ்டேட்டுக்கே வரவழைத்துவிட்டார். குழுத் தலைவர் வயதான வெள்ளைக்காரர், கைத்தடி ஊன்றி நடப்பவர். கூடவே சிவந்த முகத்தோடு ஒரு போலீஸ் அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர், துப்பாக்கிக்காரர்கள். மாரிமுத்துவை விலங்கோடு லாரியிலிருந்து இறக்கினார்கள். இளைத்திருந்தார். குரல் மட்டும் இளைக்கவில்லை.

"யாரு தோண்டப்போறது?"

நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அஞ்சலையைப் பார்த்தார். இது அவள் வேலை என்று புரிந்துபோயிற்று.

"டீச்சரம்மான்னா சரி" என்றவர், மரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். "நான் பாக்கலப்பா. நீயும் பாக்காத" என்று முனியாண்டியிடம் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதையும் மொழிபெயர்த்தார்.

நான் மண்வெட்டி பிடித்து எத்தனை காலம் ஆயிற்று! வீட்டுக்காரர் தூரத்தில் நின்று, "மெதுவா, மெதுவா, இடுப்புப் பிடிச்சா நான்தான் தைலம் தேய்க்கணும்" என்றார். முதல் குழியில் கோழி எலும்பும் ஒரு புட்டியும். ஓர் எட்டுத் தள்ளி அடுத்ததில் எலும்பும் புட்டியும். இன்னும் தள்ளித் தோண்டியபோது வித்தியாசமாக ஒரு புட்டி வந்தது. மண்ணைத் துடைத்தால் கண்ணாடியிலேயே ஜப்பான் எழுத்து. ஜப்பான்காரன் குடித்துவிட்டுப் போட்ட பீர்ப் புட்டியில் கள்ளை ஊற்றிப் படைத்திருக்கிறார்கள். ஜப்பான்காரன் ஆட்சியில் நாங்கள் எல்லோரும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்த காலம் அது. அப்போதும் சாமிக்கு விடாமல் செய்திருக்கிறார்கள்.

தலைவர் அந்தப் புட்டியை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. "ஜப்பான் காலத்திலும் காட்டுக்குள் இதே ஆட்கள்தான் இருந்தார்கள், ஐயா" என்றார்.

"இருந்தார்கள்" என்றார் தலைவர். "அப்போது ஜப்பானியரோடு சண்டை போட்ட அவர்களுக்குச் சோறு போடச் சொன்னது நாம்தான்."

எனக்கு இங்கிலீஷ் தெரிந்ததற்காக அன்றைக்கு ஒருநாள் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். அதிகாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நான் மேலும் தோண்டினேன். கோலி சோடா புட்டி ஒன்று வந்தது, அதற்கும் அப்பால் பீங்கான் சாடி ஒன்று. தலைவர் கையைக் காட்டி, போதும் என்றார்.

6

எல்லாம் முடிந்தது என்று நினைத்து நான் நெற்றியைத் துடைத்தேன். முடியவில்லை. தலைவர் மாரிமுத்துவைத் திரும்பச் சொல்லி ஒரு கேள்வி கேட்டார். "உன்னை விடுதலை செய்தால், இனிமேல் இங்கே உணவைப் புதைக்கமாட்டாய் அல்லவா?"

புதைக்கமாட்டேன் என்று ஒரு வார்த்தை. வக்கீல் பின்னாலிருந்து கண்ணைக் காட்டுகிறார், தலையை ஆட்டுகிறார். அஞ்சலை கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறாள். மாரிமுத்து யோசித்தார்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்களே. சாமிக்குக் குடுத்தது வூட்டுக்குப் போகக்கூடாது. மிஞ்சினா பொதைக்கத்தானே வேணும்?"

எனக்கு மண்வெட்டியாலேயே அவரை ஒன்று போடலாமா என்று வந்தது. மொழிபெயர்ப்பாளர் வக்கீலைப் பார்த்தார். கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த மனிதர்மேல் அப்போது எரிச்சல் வந்தது, இப்போது மரியாதை.

தலைவர் சிரிக்கவில்லை. கைத்தடியால் மண்ணைக் கிளறிக்கொண்டே கேட்டார். "மிஞ்சாவிட்டால்?"

"மிஞ்சலன்னா பொதைக்க என்னாங்க இருக்கு?"

கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. நாடு கடத்துவதை நிறுத்திவைத்திருக்கிறார்கள். எஸ்டேட்டை விட்டுப் போகக்கூடாது. வாராவாரம் போலீசில் ஆஜராகவேண்டும். பூசை செய்துகொள்ளலாம், போலீஸ் காவலில். ஆனால் வேலிக்கு வெளியே ஒரு கவளம் சோறு கிடைத்தாலும் பழைய உத்தரவு உயிர்பெற்றுவிடும். அப்புறம் கப்பல்தான்.

முழு விடுதலை இல்லை. வக்கீல் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் மாரிமுத்து லயத்துக்கு வந்த அன்று பிள்ளைகள் அவர் காலைக் கட்டிக்கொண்டு நடக்கவிடவில்லை.

7

இந்த வருடப் பூசை போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அளவாகச் சமையுங்கள் என்று வீட்டுக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். சாமிக்கு அளவாகச் சமைக்க யாருக்குத் தெரியும்? அதுவும் மாரிமுத்து முகாமில் இருந்தபோது ஆளாளுக்கு நேர்ந்துகொண்ட கோழிகள். கேட்கவேண்டுமா?

ஒரு மலாய்க் கோப்பரல் ஆட்களோடு காவலுக்கு வந்திருந்தார். முஸ்லிம்கள் என்பதால் அவர்கள் இதைச் சாப்பிடமாட்டார்கள். நான் கொடுத்த தேநீரை மட்டும் வாங்கிக்கொண்டு தள்ளி நின்றார்கள். பெண்களாகிய நாங்கள் கேட்டுக்கு உள்ளே, வாசனையைப் பிடித்துக்கொண்டு.

ஆண்கள் மூன்றாம் பந்தியும் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். வேலை வாங்குகிற தண்டல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தில் சாய்ந்துவிட்டார். அண்டாவில் இன்னும் சோறு இருந்தது. ஒரு சட்டிக் கறி இருந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கோப்பரல் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் எங்களைவிடக் கவலை.

புதைத்தால் கப்பல். வீட்டுக்குக் கொண்டுவந்தால் சாமி குற்றம். அஞ்சலை கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாரிமுத்து கரண்டியோடு நிமிர்ந்தார். கேட்டுப் பக்கம் திரும்பி அந்தக் கணீர்க் குரலில் கத்தினார்.

"பொம்பளைங்க எல்லாம் வாங்க! வந்து ஒக்காருங்க!"

பெரிய கங்காணிதான் எழுந்தார். "டேய், என்னா பேசற? முனி கோவிச்சுக்குவாரு."

"எங்கிட்ட கோவிச்சுக்கட்டும், நான் பாத்துக்குறேன். அவரு இங்கனதான இருக்காரு. கப்பல்ல போயிட்டா அவருக்கு யாரு பூச போடறது?"

கங்காணி உட்கார்ந்துவிட்டார்.

முதலில் அஞ்சலை போனாள். பிறகு பிள்ளைகள், பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும். "உங்கப்பாவுக்கு நான் எழுதமாட்டேன். போ, போய்ச் சாப்பிடு" என்றார். போய் உட்கார்ந்தேன். அப்பா இதைப் படித்தால் படிக்கட்டும்.

சாப்பிட்டோம். பசி தீர்ந்த பிறகும் சாப்பிட்டோம். ஒரு மனிதனை இந்த நாட்டில் நிறுத்திவைக்க எங்களால் செய்யக்கூடியது அதுவாக இருந்தது. என் மகள் எலும்பைக் கடித்துக்கொண்டே "சேடாப், அம்மா!" என்றாள். ருசியாக இருக்கிறது என்று அர்த்தம். நான் திருத்தவில்லை.

அண்டா காலியாயிற்று. கோப்பரல் வந்து குனிந்து பார்த்தார். "ஹாபிஸ்?" என்று கேட்டார். முடிந்ததா என்கிறார். "ஹாபிஸ், துவான்" என்று மாரிமுத்து சட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். கோப்பரல் சிரித்துவிட்டார். சங்கு ஊத இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

எல்லோரும் மூச்சு விட்டோம். அஞ்சலை மட்டும் எழுந்திருக்கவில்லை. இலையில் ஒட்டியிருந்த மசாலாவை விரலால் வழித்து வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, கலியாணமான நாளிலிருந்து அந்தப் பூசையின் வாசனையை மட்டும் பிடித்துவந்த அந்தப் பெண், அத்தனை போலீஸ்காரர்களுக்கு முன்னால் புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

"அடப்பாவி மனுசா! இத்தன வருசமா இம்புட்டு ருசியா ஆக்கி நீங்களே தின்னீங்களா? மிச்சத்தக்கூட எனக்குத் தராம மண்ணுல போட்டு மூடுனியா? ஒன்னயக் கப்பல் ஏத்தியிருக்கணும்யா!"

மரத்தடியே குலுங்கியது. கங்காணிகூடச் சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. மாரிமுத்து கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.